'இடுப்பு வலி' என்கிறோமே, எந்த இடத்தில்? கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் இயன்முறை மருத்துவம்

பாளை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம். 29-ஆவது வாரம் நடக்கிறது. ஐந்து வாரங்களாக இடுப்பு வலியால் அவதிப்படுகிறேன். வலப்புறம் புட்டத்திற்குச் சற்று மேலே, தோலில் சிறு குழி விழுந்திருக்கும் இடத்தில் ஆணி இறக்கியதுபோல் தொடங்கும் வலி, சில நாள்களில் முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழேயுள்ள எலும்பிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடப்பதைவிடக் கட்டிலில் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் புரண்டு படுப்பதுதான் கொடுமை. உள்பாவாடைக்குள் காலை விடுவதற்காக ஒற்றைக் காலில் நின்றாலும், கணவரின் ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்து பள்ளி வாசலில் இறங்கினாலும், முதல் பத்து அடி எடுத்து வைப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் சொன்னேன். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் சரியாக இருக்கின்றன, குழந்தை பிறந்தால் வலி போய்விடும் என்றார்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசவும் முடியவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் "இடுப்பு வலிக்கிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அப்பா வாடகைக் காருடன் வாசலில் நின்றார்.

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், இயன்முறை மருத்துவரை (பிசியோதெரபிஸ்டை) போய்ப் பார்க்கச் சொல்கிறார். வயிற்றில் குழந்தை இருக்கும்போது அத்தகைய சிகிச்சை பாதுகாப்பானதா? பிறக்கும் வரை பொறுத்துக்கொள்வதுதான் சரியா?

கும்பகோணத்துப் பாட்டி:

மகளே, நான் நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். ஏழாம் மாதத்திற்கு மேல் இடுப்பு வலிக்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. நாங்கள் குனிந்து வாசல் கூட்டினோம், குத்துக்காலிட்டு அமர்ந்து அரைத்தோம், அந்த வலியோடேயே பிள்ளையும் பெற்றோம். பிரசவமானதும் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கக் கட்டி, நாற்பது நாள் மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது நீர் ஊற்றிக் குளிக்க வைத்தால் விரிந்த எலும்பெல்லாம் தானே கூடிவிடும். பயப்படாதே.

இயன்முறை மருத்துவர், கோவை:

சகோதரி, உங்கள் பதிவில் நான் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு விடை இருக்கிறது. பெண்களின் இடுப்புப் பகுதிச் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருபவர்கள் அனைவரும் சொல்லும் ஒரே சொல் 'இடுப்பு வலி' என்பதுதான். தமிழ்நாட்டில் அந்தச் சொல் பிரசவ வலியையும் குறிக்கும், முதுகின் அடிப்பகுதியையும் குறிக்கும், இடுப்பு மூட்டையும் குறிக்கும், பாவாடை நாடா கட்டும் இடத்தையும் குறிக்கும். உங்கள் தந்தை காருடன் வந்து நின்றதில் அவர் தவறு ஏதுமில்லை. எனவே நாங்கள் முதலில் கேட்பது, "ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்" என்பதே. விரல் எங்கே போகிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

விரல் நாடா கட்டும் கோட்டிற்கு மேலே, முதுகெலும்பின் நடுவே போனால், அது பெரும்பாலும் கீழ்முதுகு வலி. குனிந்து நிமிர்வதும் நெடுநேரம் உட்கார்வதும் அதைக் கூட்டும். விரல் அந்தக் குழியையோ புட்டத்தையோ முன்பக்க எலும்பையோ தொட்டால், அது இடுப்பு வளைய வலி. இடுப்பு வளையம் என்பது பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இரண்டு சாக்ரோ இலியாக் மூட்டுகளும், முன்னால் அடிவயிற்றுக்குக் கீழேயுள்ள பூப்பெலும்பு இணைப்பும் சேர்ந்து பூட்டிய எலும்பு வட்டம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வலி வருவதாக 2008-ல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. புரண்டு படுக்கும்போதும் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் வலி கூடுவது இதன் அடையாளம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான் என்று தோன்றுகிறது. ஆயினும் தொட்டுப் பார்க்காமல் உறுதி சொல்வது முறையன்று.

நேரில் வந்தால் செய்யும் சோதனைகளுள் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அது சிகிச்சையின் அடிப்படையையும் விளக்கிவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்வோம். இடுப்பு வளைய வலி உள்ளவர்களுக்குக் கால் சிமெண்டு மூட்டைபோல் கனக்கும். அந்தக் கடினத்திற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டுக் குறித்துக்கொள்வோம். பிறகு நான் இரு கைகளாலும் அவர்களுடைய இடுப்பெலும்புகளை இருபுறமிருந்தும் உள்நோக்கி அழுத்திப் பிடித்தபடி மீண்டும் தூக்கச் சொல்வேன். பலருக்குக் கால் அந்த நொடியே இலேசாகிவிடும். வளையத்திற்கு வெளியிலிருந்து ஒரு பிடிப்புக் கொடுத்தால் வலி குறைகிறது என்றால், அதே பிடிப்பை உள்ளிருந்து தர வேண்டிய தசைகள், அதாவது அடிவயிற்றின் ஆழ்தசை, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், புட்டத் தசைகள் ஆகியவை தம் வேலையைச் சரியான நேரத்தில் செய்யவில்லை என்று பொருள்படுகிறது. அவற்றுக்கு வேலை கற்பிப்பதுதான் பயிற்சி. அது வரை என் கைகளுக்குப் பதிலாக வளையத்தைப் பிடித்திருப்பதுதான் இடுப்பில் கட்டும் பெல்ட்.

மூட்டு "விலகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அச்சம் கொள்ள வேண்டாம். முன்பக்க இணைப்பில் இயல்பாகவே 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் அது மேலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் கூடுவது இயற்கை. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அது வேறு கதை. ரிலாக்சின் என்னும் சுரப்பு மூட்டுகளைத் தளர்த்துவதால்தான் வலி என்பது நாங்கள் கல்லூரியில் படித்த விளக்கம். ஆனால் இரத்தத்தில் அச்சுரப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கே வலியும் கூடுதலாக இருக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியாகவில்லை.

நாளையே செய்யக்கூடியவை சில. புரளும்போது இரு முழங்கால்களையும் மடக்கி, நடுவே ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி புரளுங்கள். உட்கார்ந்தபடியே உள்பாவாடையை அணியுங்கள். மாடி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து, படிக்கு இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டே ஏறுங்கள். இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டால் வழுக்கித் திரும்புவது எளிது. ஸ்கூட்டரில் ஒருபக்கமாக அமர்வது வளையத்தை முறுக்குகிறது. பிரசவம் வரை வேறு ஏற்பாடு இருந்தால் நல்லது. கரும்பலகை முன் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே, கீழ்முதுகு வலியையும் இடுப்பு வலியையும் தடுக்க முறையான உடற்பயிற்சியும், வந்தபின் விருப்பத்தைப் பொறுத்து இயன்முறை மருத்துவம், பெல்ட், அக்குபங்சர் ஆகியவையும் சொல்லப்பட்டுள்ளன. பயிற்சியால் குழந்தைக்குத் தீங்கில்லை. கர்ப்பிணிக்கு ஆகாதவை சில கருவிகள்தாம்: ஷார்ட் வேவ் எனப்படும் ஆழ்வெப்பக் கருவியையோ, இடுப்பின்மீது சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்டையோ யாராவது வைக்க முனைந்தால் மறுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலி அலையலையாக வந்து வந்து போனாலோ, இரத்தக் கசிவோ நீர்க்கசிவோ இருந்தாலோ, காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்திருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போவதோ அந்தப் பகுதி மரத்துப்போவதோ நேர்ந்தாலோ, இயன்முறை மருத்துவரைத் தேட வேண்டாம். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சேலத்துச் செல்வி:

இந்தப் பதிவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்திருக்கலாமே என்று இருக்கிறது. எனக்குச் சிசேரியன். அறுவைக்கு முன் முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து இன்று வரை முதுகு வலி தீரவில்லை. எங்கள் தெருவில் சிசேரியன் ஆனவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பிரசவமான ஐந்தாம் மாதத்தில் ஒரு சிகிச்சை நிலையத்திற்குப் போனேன். எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை. குப்புறப் படுக்க வைத்துப் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், நாளொன்றுக்கு 300 ரூபாய் வாங்கினார்கள். படுத்திருக்கும் கால் மணி நேரம் சுகமாக இருக்கும், வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கினால் மறுபடியும் அதே வலி. இதற்குப் பெயர்தான் இயன்முறை மருத்துவமா?

இயன்முறை மருத்துவர், கோவை:

இல்லை, சகோதரி. எங்கள் துறையில் அது நடக்கிறது என்பதை மறைக்கவும் மாட்டேன். மின்கருவி வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும். தசைக்கு வேலை கற்பிக்காது. சோதித்துப் பார்க்காமல் படுக்க வைத்தால், முதல் நாளே எழுந்து வந்துவிடலாம். ஊசியைப் பற்றி இங்குள்ள மயக்கவியல் மருத்துவர் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மயக்கவியல் மருத்துவர்:

வாரம் தவறாமல் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. சிசேரியனுக்குப் போடும் ஊசி மிக மெலிதானது. தண்டுவடம் பெரியவர்களுக்குப் பொதுவாக முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். நாங்கள் ஊசியைச் செலுத்துவது அதற்குக் கீழே. குத்திய இடத்தில் சில நாள்கள் தொட்டால் வலிப்பது உண்டு. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் தணியும் தலைவலி வருவதும் உண்டு. அப்படி வந்தால் எங்களிடம் உடனே திரும்பி வர வேண்டும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும் முதுகு வலிக்கு ஊசியைக் காரணம் காட்டுவதற்கு ஆதாரம் இல்லை.

இந்த நம்பிக்கை நம் தெருவில் மட்டும் பிறந்ததன்று. 1990-ல் பிரிட்டனில், பல ஆண்டுகளுக்கு முன் பிரசவித்த பெண்களுக்கு வினாத்தாள் அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு, பிரசவ வலி குறைப்பதற்காக முதுகில் மருந்து செலுத்தப்பட்டவர்களிடம் நீடித்த முதுகு வலி கூடுதலாக இருப்பதாகக் கூறியது. நினைவிலிருந்து சொல்லும் விடைகளுக்கு உரிய குறை அதில் இருந்தது. பின்னர் அதே நாட்டில், 369 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, முதுகு ஊசி ஒரு பிரிவுக்கும் வேறு வலி நிவாரணம் மற்றொரு பிரிவுக்கும் என ஒதுக்கி, ஆண்டுகள் கழித்துத் தொடர்ந்து பார்த்தபோது, இரு பிரிவினரின் முதுகு வலியிலும் வேறுபாடு காணப்படவில்லை. 2002-ல் அது வெளியாயிற்று. அந்த ஆய்வுகள் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையைப் பற்றியவை, சிசேரியனுக்குப் பெரும்பாலும் நாம் இங்கே போடுவது ஒரே ஊசியில் மருந்தைச் செலுத்தும் ஸ்பைனல் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸ்பைனல் ஊசி அதைவிட மெலிதானது.

பிறகு ஏன் தெருவே ஒரே குரலில் சொல்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு சிசேரியன். பிரசவத்திற்குப் பின் முதுகு வலிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊசி போடப்பட்டிருக்கும் என்றால், அவர்கள் ஊசியைக் கை காட்டுவது இயல்புதானே? சுகப்பிரசவமாகி முதுகு வலிக்கும் பெண்களுக்குக் கை காட்ட ஒன்றும் கிடைப்பதில்லை, அதனால் அவர்கள் பேசுவதில்லை. என் கவலை ஊசியின் நற்பெயரைப் பற்றியதன்று. "ஊசியால் வந்தது, இனி தீராது" என்று நம்பிவிட்ட பெண், தீரக்கூடிய வலிக்குச் சிகிச்சை தேடாமல் இருந்துவிடுகிறாள்.

மருந்தைப் பற்றி ஒரு சொல்: கர்ப்பிணிகள் மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை வாங்கி விழுங்க வேண்டாம். 20 வாரங்களுக்குப் பின் அவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்திருக்கிறது.

ஆய்வு மாணவன்:

மருத்துவர்கள் இருவரும் பொறுத்தருள வேண்டும். பயிற்சி செய்தால் சரியாகும் என்பது எவ்வளவு உறுதியானது? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 34 ஆய்வுகளையும் 5,121 பெண்களையும் எடுத்துப் பார்த்தது. கர்ப்பகாலக் கீழ்முதுகு வலிக்குப் பயிற்சி உதவக்கூடும் என்று சொன்னாலும், சான்றுகளின் தரம் குறைவு என்றே அது எழுதியது. இடுப்பு வளைய வலியைத் தனியாக எடுத்துக்கொண்டால் முடிவு இன்னும் மங்கலாக இருந்தது. பெரும்பாலானோருக்குப் பிரசவத்திற்குப் பின் வலி தானாகவே குறைகிறது என்றால், குறைந்ததற்கான பெருமையைப் பயிற்சி எடுத்துக்கொள்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது?

இயன்முறை மருத்துவர், கோவை:

தம்பி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கர்ப்ப காலத்தைப் பொறுத்தவரை நான் உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். அப்போது எங்கள் வேலை, வலியைத் தாங்கக்கூடிய அளவில் வைத்திருப்பதும், அச்சத்தை நீக்குவதும், பிரசவ அறைக்கு அவரைத் தயார் செய்வதுமே. 2005-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 386 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட வளையத்தை உள்ளிருந்து பிடிக்கும் தசைகளுக்கான நிலைப்படுத்தும் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது, அக்குபங்சர் செய்துகொண்டவர்களுக்கு அதைவிடக் குறைந்தது. பயிற்சி கற்பிக்கும் எனக்கு அது இனிக்கும் முடிவு அன்று, ஆனாலும் சொல்கிறேன்.

பிரசவத்திற்குப் பின் கதை வேறு. பெரும்பாலோர்க்கு முதல் மூன்று மாதங்களில் வலி தணிந்துவிடும் என்பது உண்மை. தணியாமல் தங்கிவிடும் சிலரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். 2004-ல் நார்வேயில், பிரசவத்திற்குப் பின்னும் இடுப்பு வளைய வலி தொடர்ந்த 81 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் 20 வாரச் சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும், அவரவர் நிலைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட நிலைப்படுத்தும் பயிற்சிகள் கூடுதலாக இருந்தன. அப்பிரிவினருக்கு வலியும் முடங்கலும் தெளிவாகக் குறைந்தன. ஓராண்டுக்குப் பின்னும் இரண்டாண்டுக்குப் பின்னும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. நீங்கள் சொல்லும் 'தானாகக் குறைதல்' இரு பிரிவுக்கும் பொதுவானது; வேறுபாடு அதற்கு மேற்பட்டது.

இதற்கு எதிர்ச்சான்றையும் நானே தருகிறேன். 2010-ல் ஸ்வீடனில், ஏறத்தாழ அதே வகைப் பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்ளும்படி கொடுத்தபோது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் எனக்குப் பாடம் புரிந்தது. அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து "தினமும் பத்துத் தடவை" என்று அனுப்பினால், அந்தப் பெண் எந்தத் தசையை இறுக்குகிறாள், மூச்சைப் பிடிக்கிறாளா, எப்போது சுமையைக் கூட்ட வேண்டும் என்பதை யார் பார்ப்பது? இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் அதை எழுதியபோது, பெண் சரியான தசையைத்தான் இறுக்குகிறாளா என்று காட்டும் அழுத்தமானிக் கருவியோடு சேர்த்துத்தான் எழுதினார். கருவியையும் கண்காணிப்பையும் நாம் விட்டுவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். என்னிடம் வருபவர்களில் பலர் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள்.

ஆய்வு மாணவன்:

அழுத்தமானியைப் பற்றி அறிந்திருக்கவில்லை. நன்றி, ஏற்றுக்கொள்கிறேன், 81 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்ற குறிப்போடு.

யாழ் வாசகி:

இடுப்பு என்ற சொல்லால் வரும் குழப்பத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் முதுகின் அடிப்பகுதிக்கு 'நாரி' என்ற தனிச்சொல்லே உண்டு. நாரி நோகிறது என்றால் அது கீழ்முதுகுதான். இடுப்பு நோகிறது என்றால் வேறு. என் அம்மம்மாவுக்கு இந்த வேறுபாட்டை எந்த மருத்துவரும் கற்பிக்கவில்லை. எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் "நாரி இல்லை, இடுப்புப் பூட்டு" என்று சொன்னதுமே அவர் ஆசுபத்திரியில் காட்டும்படி எழுதித் தந்துவிட்டார்.

இயன்முறை மருத்துவர், கோவை:

'நாரி', 'இடுப்புப் பூட்டு' என்ற இரண்டையும் இன்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நன்றி.

கும்பகோணத்துப் பாட்டி:

எல்லாம் படித்தேன். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அம்மா? நாங்கள் சேலை கட்டியதும் வேது ஊற்றியதும் வீண் என்கிறாயா? என் மாமியார் எனக்குக் கட்டியபோது இடுப்பு நிமிர்ந்ததை நான் உணர்ந்திருக்கிறேன்.

இயன்முறை மருத்துவர், கோவை:

வீண் என்று சொல்ல மாட்டேன், அம்மா. காலைத் தூக்கும் சோதனையில் என் கைகள் செய்ததைத்தான் உங்கள் மாமியாரின் சேலை செய்தது. ஆனால் எந்த உயரத்தில் கட்டினார் என்பதுதான் கேள்வி. தொப்புளைச் சுற்றி இறுக்கினால் வயிற்றினுள் அழுத்தம் கூடி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத்தைக் கீழே தள்ளும். கருப்பை கீழிறங்குவதை அடியிறக்கம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தப் பக்கம் இழுத்துவிடக்கூடும். கர்ப்பமானாலும் பிரசவத்திற்குப் பின்னானாலும், கட்டு கீழே இறங்கி, தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் கையால் தொட்டால் தட்டுப்படும் எலும்பு மேட்டின் மட்டத்தில் வளையத்தைப் பிடிக்க வேண்டும். கடையில் வாங்கும் பெல்ட்டும் அப்படியே. அதை வயிற்றுக்கு மேல் போட்டுக்கொண்டு பயனில்லை என்று தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். நடக்கும்போதும் நிற்கும்போதும் அணிந்து, படுக்கும்போது கழற்றிவிடலாம்.

வெந்நீர் முதுகுக்கு இதம்தான். பொறுக்கக்கூடிய சூடாக இருக்கட்டும், சிசேரியன் காயத்தின்மேல் வேண்டாம். எண்ணெய் தேய்ப்பவர் வயிற்றை அமுக்கிப் பிசையாமல் இருந்தால் போதும். எனக்கு உடன்பாடில்லாதது, நாற்பது நாள் கட்டிலைவிட்டு இறங்காதே என்று சில வீடுகளில் சொல்வது ஒன்றே. முதல் நாளிலிருந்தே மெல்ல நடப்பதும், படுத்தபடி மூச்சை வெளிவிடும்போது அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்துப் பழகுவதும் நல்லவை. சிசேரியன் ஆனவர்கள் எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி எழ வேண்டும்.

திருப்பூர்த் தந்தை:

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம், இதே வலி. நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள். எங்கள் ஊரில் இதற்கென்று தனி மருத்துவர் கிடையாது.

இயன்முறை மருத்துவர், கோவை:

கேட்டதற்கு நன்றி, ஐயா. தண்ணீர்க் கேன், எரிவாயு உருளை, துணி வாளி மூன்றும் இனி உங்களுடையவை. குழந்தை பிறந்ததும் துணி மாற்றுவதற்குத் தரையில் பாய் விரிக்காமல், அவர் நிமிர்ந்து நின்று செய்யும் உயரத்தில் ஒரு மேசையை ஏற்பாடு செய்யுங்கள். பால் கொடுக்கும்போது அவர் குழந்தையை நோக்கிக் குனியாமல் குழந்தை அவரை நோக்கி உயரும்படி மடியில் இரண்டு தலையணை வையுங்கள்.

பிரசவத்திற்கு முன் இன்னொரு வேலை உண்டு. அவர் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வலியில்லாமல் எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று அளந்து, கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரசவ அறையில், குறிப்பாக முதுகு ஊசி போட்டு மரத்திருக்கும்போது, கால்களை அந்த அளவைத் தாண்டி விரித்துவிட்டால் அப்போது தெரியாது, மறுநாள் தெரியும். ஒருக்களித்தோ, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ பிரசவிக்க இயலுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

தனி மருத்துவர் இல்லாவிட்டால், அரசு மருத்துவமனைகளில் இயன்முறைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சை இருக்கிறது. அது முதன்மையாக நடமாட முடியாதவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் உரியது. ஆனாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்வார்.

பாளை ஆசிரியை:

ஐந்தரை மாதங்கள் கழித்து இந்த இழைக்குத் திரும்பியிருக்கிறேன். பெண் குழந்தை, சுகப்பிரசவம், ஒருக்களித்த நிலையில். இப்போது குழந்தைக்குப் பதின்மூன்று வாரம்.

31-ஆவது வாரத்தில் இங்கேயே ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். வலக்காலுக்கு நான் 4 மதிப்பெண் கொடுத்தேன், அவர் கைகளால் பிடித்தபோது 2 ஆயிற்று. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் கணவருக்கு இது மனப்பிரமை அன்று என்று புரிந்தது. பெல்ட்டும் தலையணையும் வந்த பிறகு இரவுத் தூக்கம் திரும்பியது. வலி முற்றிலும் போகவில்லை, பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் நாள் வரை நாற்காலியில் அமர்ந்தே பாடம் நடத்தினேன். பிரசவத்திற்குப் பின் முன்பக்க எலும்பு வலி ஒரு மாதத்தில் மறைந்துவிட்டது. புட்டத்திற்கு மேலுள்ள வலி மறையவில்லை. அதற்காக எட்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை நேரில் போய், மற்ற நாள்களில் வீட்டில் செய்கிறேன். சென்ற வாரம் வலக்காலின் மதிப்பெண் 1.

இப்போது ஒரு புதுச் சந்தேகம். குழந்தையைத் தூக்கினால் கை தானாக இடப்பக்க இடுப்புக்கே கொண்டுபோகிறது. வேலை செய்ய வலக்கை வேண்டியிருக்கிறதே. கால் மணி நேரம் அப்படி நின்றால் வலப்பக்கக் குழியில் பழைய ஆணி மெல்லத் தலைகாட்டுகிறது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்ளவே கூடாதா?

இயன்முறை மருத்துவர், கோவை:

வாழ்த்துகள், சகோதரி. பதின்மூன்று வாரக் குழந்தையை இப்போதைக்கு இரு கைகளாலும் மார்போடு நடுவில் அணைத்துத் தூக்குங்கள். தலை நன்கு நின்று, துணையின்றி உட்காரத் தொடங்கிய பிறகுதான் இடுப்பின் முறை வரும். அப்போதும் இடுப்பை வெளியே துருத்தி அதன்மேல் குழந்தையை உட்கார வைக்காமல், இடுப்பை நேராக வைத்துக் கையால் தாங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். வலப்பக்கம் வைத்து இடக்கையால் வேலை செய்ய முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது, வலக்காலில் ஒற்றைக்காலாக நின்று பத்து எண்ணும் வரை மறுபக்க இடுப்பு கீழே சாயாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்தால், பக்கவாட்டுப் புட்டத் தசைக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

பாளை ஆசிரியை:

இப்போதே சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஆறு எண்ணும்போது சாய்கிறது. வியாழக்கிழமை அவரிடம் சொல்கிறேன்.